நூற்று இருபத்து மூன்று கையெழுத்து

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கள் அத்தை. எனக்கு வேண்டாம். பெருந்தன்மை எல்லாம் இல்லை, வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். "ஒன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்ட்டி" என்று அம்மா சொல்வாள். வாங்கினால் அதன் சாவியையும் அக்காவிடம்தான் கொடுப்பாள்.

முக்கூடலா? நானும் முக்கூடல்தான். பேர் முப்புடாதி. சிரிக்க வேண்டாம், சிரித்தவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டேன். என் அக்கா பேர் சண்முகக்கனி. கேட்கும்போதே எப்படி இருக்கிறது பாருங்கள். பேர் வைத்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது எங்கள் வீட்டு ஓரவஞ்சனை.

இன்றைக்கு நான் வீட்டுக்கு வேனில் போக வேண்டியவள். வேனில் அக்கா, அம்மா, வீல்சேர், ஃபைல் எல்லாம் போகிறது. எனக்கு இடமில்லை. அதனால்தான் பஸ்.

ஃபைல் என்றால் சும்மா நாலு தாள் இல்லை. நீல அட்டை, நாடா வைத்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை, அந்தப் பைக்கு மேலே இன்னொரு துணிப்பை. மழை பெய்தால் அம்மா என்னை நனையவிட்டு ஃபைலைத்தான் முந்தானைக்குள் வைப்பாள். அதில் அக்கா பிறந்த நேரம் இருக்கிறது, எடை இருக்கிறது, முதல் காய்ச்சல் இருக்கிறது, சென்னையில் எடுத்த ஸ்கேன் வரைக்கும் இருக்கிறது. எனக்குத் தடுப்பூசி அட்டைகூடக் கிடையாது. ஆறாவது படிக்கும்போது டைபாய்டு வந்து பதினோரு நாள் படுத்தேன். மருந்துக்கடை அண்ணாச்சியே மாத்திரை கொடுத்தார், சீட்டு கிடையாது. "ஒனக்கு என்னட்டி, நீ கல்லு மாதிரி இருக்க" என்றாள் அம்மா. கல்லுக்கு யார் ஃபைல் போடுவார்கள்?

அக்காவுக்கு நரம்பு நோய். நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர், என் வாயில் நுழையாது. ஒன்பது வயது வரைக்கும் நடந்தாளாம். பிறகு உட்கார்ந்தபடியே நகர்வாள். இப்போது இருபத்திரண்டு. கால் சுத்தமாக இல்லை, கையும் போய்க்கொண்டிருக்கிறது. கூட ஒரு ஆள் இருந்து பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதற்குப் பாதிப்பு எழுபத்தைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்றார்கள். மாற்றுத்திறனாளி முகாமில் பார்த்த டாக்டர் அறுபத்தைந்து போட்டுவிட்டார்.

ஏன் போட மாட்டார்? அன்றைக்கு அக்கா தலைக்குக் குளித்து, பிச்சிப்பூ வைத்து, கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு போனாள். எல்லாம் நான் செய்துவிட்டதுதான். டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார்" என்று சிரிக்கிறாள். அவளுக்கு யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்ல வரும். டாக்டர் நம்பிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வராது, நான் சிரித்தால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்கிறார்கள்.

அதனால் மேல்முறையீடு. அந்தத் தொகை வந்தால் பகலில் அக்காவுக்கு ஒரு ஆள் வைக்கலாம். நான் செல்போன் கடைக்கு வேலைக்குப் போகலாம், கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் சேராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். ஆக, அக்காவுக்கு எழுபத்தைந்து வந்தால்தான் எனக்கு வாசல்.

படிப்பா? பதினொன்றாவது பாதியில் விட்டுவிட்டேன். அக்காவைப் பார்ப்பதற்காகப் படிப்பை விட்ட தங்கச்சி என்று தெருவில் பேசுகிறார்கள். அந்தப் பேரும் அவளால்தான் எனக்கு. நிஜம் என்ன தெரியுமா அத்தை? வேதியியலில் பதினேழு மார்க். நான் ஃபெயிலானதுகூட என்னால் ஆனதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அவள் அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அசைன்மென்ட் எழுதுவது நான். "ஒங்க மக என்னமா எழுதுதா!" என்று தபால்காரர் அம்மாவிடம் சொன்னார். எந்த மக என்று அம்மா கேட்கவே இல்லை.

சரி, மேல்முறையீட்டுக்கு வருகிறேன். அனைத்து மருத்துவ ஆவணங்களும் மூன்று செட் வைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்பிப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்று ஃபாரத்தில் போட்டிருந்தது. பொய்க் கையெழுத்துப் போட்டால் நடவடிக்கை என்றும் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

அக்கா ஃபைலை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். ஒரு தாளை மட்டும் இடது கையால் இழுத்துத் தலையணைக்குக் கீழே தள்ளினாள்.

"இது வேண்டாம்ட்டி."

"எல்லாம் வேணும்னு போட்டிருக்கு."

"இது எனக்கும் இத எழுதுன அம்மாவுக்கும் உள்ளது. இது வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரியாமல் அவளுக்கு என்ன இருக்கிறது? அவளைக் குளிப்பாட்டுவது நான், கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போவது நான், தலையில் பேன் பார்ப்பது நான். என்னிடம் மறைக்க அவளிடம் ஒரு தாள் இருக்கிறதாம். என்னிடம் மறைத்து வைக்க ஒரு பஸ் டிக்கெட்கூட இல்லை.

அவள் தூங்கும்போது எடுத்தேன். ஆமாம், எடுத்தேன்.

மற்ற நாற்பது பக்கமும் இங்கிலீஷ். இது ஒன்றுதான் தமிழ், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்க வராது. ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் என்று ஒரு அம்மா எழுதியது. அக்காவுக்குப் பதினைந்து வயது அப்போது, எனக்குப் பத்து. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு மனப்பாடம், சொல்லட்டுமா?

'நோயாளி தனியாகப் பேச விரும்பினார். தாயை வெளியே இருக்கச் சொன்னார். வீட்டில் தன்னை எல்லாரும் நன்றாகக் கவனிப்பதாகக் கூறுகிறார். தங்கை முப்புடாதி தெருவில் ஓடும் சத்தம் கேட்டால் பொறுக்க முடியவில்லை என்கிறார். தங்கையின் செருப்பை மூன்று முறை பின்ஜன்னல் வழியாக ஓடையில் எறிந்திருக்கிறார். தங்கை அதற்காக அடி வாங்கியபோது சந்தோஷமாக இருந்தது என்றும் பிறகு அழுகை வந்தது என்றும் கூறுகிறார். இதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.'

அத்தை, மூன்று ஜோடி செருப்பு! ஒவ்வொரு தடவையும் கரண்டிக் காம்பால் அடி. "செருப்பைக்கூடப் பாத்துக்கத் தெரியாத மூதி" என்று அம்மா அடித்தாள். நான்காவது ஜோடி வாங்கித் தரவே இல்லை. ஐந்தாவது படித்த வருஷம் முழுக்க வெறுங்காலோடு போனேன், பங்குனி வெயிலில் தார் ரோட்டில். நானே எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்றுதான் ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஞாபக மறதிக்காரி என்று நானே என்னைத் திட்டியிருக்கிறேன். எறிந்தது அவள். அடி எனக்கு. கவுன்சிலிங் அவளுக்கு!

அதிலும், என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாம். என்னிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட? ஓடினேன், அவ்வளவுதானே. அதுவும் எங்கே ஓடினேன்? அவளுக்கு மாத்திரை வாங்க ஓடினேன்.

ஜெராக்ஸ் கடைக்குப் போனபோது அந்தத் தாளையும் நடுவில் சொருகிவிட்டேன். எல்லா ஆவணமும் என்று ஃபாரத்தில் இருந்ததே என்று உங்களிடம் சொல்லலாம். அது சாக்கு. அவளைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் நல்லது மட்டுமே தெரியும். இதுவும் யாருக்காவது தெரியட்டும் என்றுதான் சொருகினேன். நாற்பத்தொரு பக்கம், மூன்று செட். ஒரிஜினலை ஃபைலுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

கையெழுத்துக்கு வருகிறேன். அக்கா கையெழுத்துப் போடுவது எப்படி என்றால், வலது கையை இடது கையால் தூக்கிப் பலகைமேல் வைப்பாள். பேனாவை நான் விரலுக்குள் சொருக வேண்டும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பாள். பெயரை முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். இரண்டு பக்கம் போட்டாள், நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "மிச்சத்த நாளைக்குப் போடுதேன்ட்டி" என்றாள். அடுத்த நாள்தான் கடைசித் தேதி. நான் எவ்வளவு நேரம் பொறுப்பேன்? "போதுமாம், ரெண்டு பக்கத்துல போட்டா போதுமாம்" என்று பொய் சொல்லிவிட்டு, மிச்சத்தை நானே போட்டேன்.

நன்றாகப் போடுவேன் அத்தை. ரேங்க் கார்டில் ஆறாவதிலிருந்து அம்மா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை. அக்கா முன்னே, கை நன்றாக இருந்த காலத்தில் போடுவாள் இல்லையா, வளைவு வளைவாக, அதை அப்படியே போட்டேன். அவள் போட்ட அந்த இரண்டு பக்கமும் கோழி கிளறின மாதிரி இருந்தது. செட் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அந்த இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஜெராக்ஸ் எடுத்து அதிலும் நானே போட்டேன். மொத்தம் நூற்று இருபத்து மூன்று.

புரிகிறதா? கை வேலை செய்யவில்லை என்று சொல்கிற மனுவில், முத்து முத்தாக நூற்று இருபத்து மூன்று கையெழுத்து. எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. பதினேழு மார்க் சும்மா வருமா?

இன்றைக்குக் காலையில் பெரியாஸ்பத்திரியில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள், நடுவில் இருந்தது ஒரு டாக்டரம்மா. கதவு திறந்தே கிடந்தது, அடுத்த டோக்கன்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். நான் வீல்சேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா சுவரோரம்.

டாக்டரம்மா வேகவேகமாகத் தாளைப் புரட்டினார். தமிழ்த் தாள் வந்ததும் கை நின்றது. வாய்விட்டே படிக்க ஆரம்பித்துவிட்டார். சத்தமாக இல்லை, ஆனால் அந்த அறைக்கு அது போதும். செருப்பு என்று வந்தபோது அம்மா தலையைத் தூக்கினாள். "இதைத் தாயிடம் சொல்ல வேண்டாம் என்று..." என்பது வரைக்கும் வந்த டாக்டரம்மா நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அம்மா அங்கேயேதான் நிற்கிறாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கழுத்து அவ்வளவு திரும்பாது. அந்தத் தாளைத்தான் பார்த்தாள். அதன் அடியில் 'சண்முகக்கனி' என்று வளைவு வளைவாக இருந்ததைப் பார்த்தாள்.

"கை தூக்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே. இதெல்லாம் நீங்களே போட்டதாம்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் 'இல்லை' என்று சொன்னால் போதும், சதவீதம் ஏறிவிடும், நான் மாட்டிக்கொள்வேன். அந்தப் பொடி எழுத்தை அவளும் படித்தவள்தான்.

"ஆமா மேடம்" என்றாள் அக்கா. "நான்தான் போட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள் அத்தை, அதே முகாம் சிரிப்பு!

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அவள் தாளை நான் திருடி, ஊர் முன்னாலே படிக்க வைத்து, அவள் மேல்முறையீட்டையும் கெடுத்து வைத்திருக்கிறேன். அப்போதும் நல்லவள் யார்? அவள். காப்பாற்றுகிறவள் யார்? அவள். அந்த இடத்தையாவது நான் விடுவேனா?

"பொய் மேடம்! நான்தான் போட்டேன். நூத்தி இருபத்து மூணும் நான்தான். இவளுக்குப் பேனாவே பிடிக்க வராது. அந்தத் தாளையும் நான்தான் வச்சேன், இவ வேண்டாம்னு சொன்னா."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரி. ஒனக்கு மட்டும்தான் நல்லவளா இருக்கத் தெரியுமோ?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எந்தப் பேப்பரக் குடுக்கணும், எதக் குடுக்க வேண்டாம்னு அவங்கதான் சொல்லணும். இது அவங்க ஃபைலா, ஒன் ஃபைலா?"

"தூக்கிட்டு அலையிறது நான்தான் மேடம்."

"தூக்கிட்டு அலைஞ்சா ஒன்னோடது ஆயிருமா? பேர் என்ன?"

"முப்புடாதி."

அவர் அந்தத் தாளை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். அதை முன்னாலேயே செய்திருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை அக்கா முன்னால் வைத்து, "என் முன்னால ஒண்ணு போடுங்கம்மா" என்றார்.

அக்கா இடது கையால் வலது கையைத் தூக்கி வைத்தாள். பேனாவை நான் சொருகினேன். இழுத்தாள். பேனா விழுந்தது. மறுபடி சொருகினேன். முழங்கை நழுவிக்கொண்டே போனது, என் கை தானாகப் போய்த் தாங்கிவிட்டது. "தொடாதம்மா, தள்ளி நில்லு" என்றார் டாக்டரம்மா. தள்ளி நின்றேன். அவ்வளவு தூரத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை அத்தை. பக்கத்தில் இருந்தால் பேனா மட்டும்தான் தெரியும். தள்ளி நின்றால் தோளெல்லாம் நடுங்குவது தெரிகிறது. மூன்று டாக்டர்களும் கடியாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். 'சண்மு' வரைக்கும் வந்தது, போதும் என்றுவிட்டார்கள்.

மற்ற பக்கங்களை ஒரிஜினலோடு அவர்களே சரிபார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஃபாரத்தில் எண்பது என்று எழுதியதை நான் தலைகீழாகப் படித்துவிட்டேன். எண்பது! முடிக்காத ஒரு கையெழுத்துக்கு எண்பது. நூற்று இருபத்து மூன்று போட்ட எனக்கு, "இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா போலீசுக்கு எழுதிருவேன்."

அந்தத் தாளை மூன்று செட்டிலிருந்தும் உருவி, "இது இருக்கணுமா?" என்று அக்காவைக் கேட்டார். வேண்டாம் என்றாள். என் கையில் கொடுத்தார்கள். வராந்தாவுக்கு வந்ததும், "கிழிச்சிரு, ஒரிஜினலயும் சேத்துக் கிழிச்சிரு" என்றாள் அக்கா. ஜெராக்ஸ் மூன்றையும் அவள் கண் முன்னாலேயே கிழித்தேன்.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "செருப்ப நீயா எறிஞ்ச கனி?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்க முடியாது இல்லையா, அப்படியே வழிந்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து அவள் தலையைத் தடவி, "அழாத தாயி, என்ன வேதனையில செஞ்சியோ" என்றாள். முந்தானையால் துடைத்தும் விட்டாள்.

அடி வாங்கினது நான். தடவல் அவளுக்கு. என் பக்கம் ஒரு தடவை திரும்பினால் போதும் என்று நின்றேன். திரும்பினாள். "ஃபைல பத்திரமா பிடிட்டி" என்றாள்.

வேனில் இடமில்லை என்று சொன்னேனே, பொய். இடம் இருந்தது. என் இடத்தில் ஃபைல் இருந்தது, அதை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்காரலாம். ஏறப் போனேன். "அவ பஸ்ல வரட்டும்மா" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறந்ததிலிருந்து என்மேல் கோபப்பட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஒரு நிமிஷம் அத்தை, போன். அம்மா.

...பேட்டை தாண்டியாச்சும்மா. ...வேன்கார அண்ணன எறக்கச் சொல்லேன். ...வேண்டாங்காளா? ஏன் வேண்டாங்கா? ...சரி. சரி, வாரேன்னு சொல்லு. கத்தாத.

கேட்டீர்களா? வேன் வாசலில் நிற்கிறதாம். அம்மாவுக்கு இடுப்பு வலி, தூக்க முடியாது. வேன்காரர் தூக்குகிறேன் என்றால் அக்கா தொடவிட மாட்டேன் என்கிறாளாம். முப்புடாதி வரட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. என்னைப் பஸ்ஸில் அனுப்பத் தெரிந்தது இல்லையா, உட்காரட்டும். கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

இதைப் பாருங்கள். ஒரிஜினல். அவள் கிழிக்கச் சொன்னாள், திரும்பி நின்று பைக்குள் வைத்துவிட்டேன். படித்துப் பாருங்கள் அத்தை, நான் சொன்னது பொய்யில்லை. ஏன், வாங்கினால் என்ன? வேண்டாமா? சரி, மற்றதைப் படிக்க வேண்டாம், இந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். 'தங்கை முப்புடாதி.' அந்தப் பெரிய ஃபைலில் என் பேர் வந்திருக்கிற ஒரே இடம் இதுதான். ஆஸ்பத்திரி முத்திரைக்கு மேலே, எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள். அதை எப்படிக் கிழிப்பது?

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குப் பிடிக்காது.

அண்ணே! கண்டக்டர் அண்ணே! கொஞ்சம் வெரசா போகச் சொல்லுங்க, வீட்டுல ஆள் காத்துக்கிட்டு இருக்கு! பஸ் ஸ்டாண்ட் வேண்டாம், ஓடைப் பாலத்துலயே நிப்பாட்டிருங்க!

பாலத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரே ஓட்டம்தான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவேன். தார் சுடும்தான், பழகின கால். இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினால் டப்டப்பென்று தெரு முழுக்க, அந்த வேனுக்குள் வரைக்கும் சத்தம் கேட்கும்.